அக்காவின் எலும்பு

டென்மார்க்கின் ஒடென்சேயில் ஓர் எலும்பு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். நம் செல்களுக்குள் இருக்கும் சில நீண்ட ஆர்.என்.ஏ. இழைகள் எந்தப் புரதத்தையும் உருவாக்குவதில்லை. வெறும் குப்பை என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டவை. ஆனால் எலும்பு மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல் எலும்பாவதா கொழுப்பாவதா என்பதில் அவற்றுக்கும் பங்குண்டு. அவற்றில் ஓர் இழையை அடக்கினால் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை.

சில்க்போர்க்கில் முதியோர் பராமரிப்பு வேலை செய்யும் அக்கா, போன குளிர்காலம் பேருந்துக்குப் போகும்போது உறைபனியில் வழுக்கி விழுந்தார். சின்னதாகத்தான் விழுந்தார். தொடையெலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. எலும்பு முன்பே மெலிந்திருந்ததாம். செயற்கை மூட்டுப் பொருத்தினார்கள். பார்க்கப் போனபோது, வெட்டி எடுத்த எலும்பை ஆய்வுக்குத் தரலாமா என்று தாதி கேட்டதைச் சொன்னார்.

"நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். உங்கட இடத்துக்கும் வருமாம்."

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. எங்களுக்கு வரும் மாதிரிகளில் எண் மட்டுமே இருக்கும். யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அடுத்த கிழமை மாதிரிகளோடு குளிர்பெட்டி வந்தது. மூடியைத் திறந்தேன், மூடினேன், கை கழுவப் போனேன். கடைசியில் பொறுப்பாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அந்த மாதிரிகளை வேறொருவரிடம் கொடுத்தார்.

அதற்குப் பிறகும் நான் சும்மா இருக்கவில்லை. தேநீர் எடுக்கப் போகிற சாட்டில் அந்த மாதிரிகள் இருந்த அறையைக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தபடியே இருந்தேன். செல்கள் எலும்பாகி வந்தால், சாயம் ஊற்றும்போது தட்டு சிவக்கும். சில தட்டுகள் நன்றாகச் சிவந்தன. ஒன்று வெளிறியே கிடந்தது. அது அக்காவுடையதாக இருக்குமோ என்று வீட்டிலும் நினைத்துக்கொண்டே நடந்தேன்.

தொலைபேசியில் அக்கா கேட்டார். "என்ர எலும்பு என்ன சொல்லுது?"

"தெரியாது அக்கா. எது உங்கடையெண்டே தெரியாது. இந்த ஆராய்ச்சி மருந்தாக இன்னும் கனகாலம் போகும்."

அக்கா திருப்பிக் கேட்டார்: "நீ உன்ர எலும்பைப் பார்த்தனியோ? அம்மாவும் கூனித்தானே போனவ."

நான் பார்க்கவே இல்லை. இத்தனை வருடம் மற்றவர்களின் எலும்போடு இருந்தும் அது தோன்றவில்லை. குடும்ப வைத்தியரிடம் சொல்லி ஸ்கான் எடுத்தேன். எனக்கும் எலும்பு மெலியத் தொடங்கியிருந்தது.

அக்கா இப்போது எலும்புக்கு ஊசி போட்டுக்கொள்கிறார், ஊன்றுகோலில்லாமல் நடக்கிறார், அரைநாள் வேலைக்கும் போகிறார். நான் மாத்திரை எடுக்கிறேன். வெளியே பனி உறைந்திருந்தால் சைக்கிளை எடுக்காமல் ட்ராமில் போகிறேன். அப்போதும் இறங்கும்போது தரையைத்தான் பார்க்கிறேன்.