ஏழு வருசம் "சும்மா இருந்த" பர்வீன்

போடியில் ஒரு ஏலக்காய் குடோனுக்கு ஆள் எடுப்பது என் வேலை. இன்று காலை குரங்கணியிலிருந்து லோடு ஏற்றி வந்த ஜீப்பு நடுவழியில் பஞ்சர். அதனால்தான் உட்கார்ந்து பேச நேரம் கிடைத்தது. இல்லாவிட்டால் பர்வீனையும் இரண்டே நிமிடத்தில் அனுப்பியிருப்பேன்.

தரம் பிரிக்கும் வேலை கேட்டு வந்திருந்தாள்.

"கடைசியா எங்கம்மா சோலி பாத்த?"

"கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு கடையில பில்லு போட்டேண்ணே. அப்புறம் ஏழு வருசம் வீட்டுல சும்மாதான் இருந்தேன்."

இதைக் கேட்டுத்தான் மூன்று இடத்தில் முடியாது என்றார்களாம்.

"இங்கயும் இல்லைன்னா, பிள்ளைகள அம்மாகிட்ட விட்டுட்டு திருப்பூருக்குத்தான்ணே போகணும்."

சொல்லும்போதே அவள் கை மேசையில் கிடந்த ஏலக்காயைப் பேச்சோடு பேச்சாகப் பிரித்துக்கொண்டிருந்தது. வெடித்தது ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், நல்ல பச்சைக் காய் தனியாக.

"இத எங்க படிச்ச?"

"இதுவாண்ணே? ஏலக்காய்க் கடைக்காரங்க எங்க வீட்டுல மூட்டைய எறக்கிட்டுப் போவாங்க. டிவி பாத்துக்கிட்டே பிரிச்சுக் குடுப்பேன். இதெல்லாம் ஒரு சோலியா?"

"எத்தனை வருசமா?"

"அதான், ஏழு வருசமா."

முதலாளியைக் கூப்பிட்டேன். குவியல்களைக் கிளறிக் கிளறிப் பார்த்தார். ஒரு காயைக்கூட இடம் மாற்ற முடியவில்லை.

"நாளைக்கு வெரசா வந்துரு ஆத்தா."

வேலை தேடுகிறவர்களே, வீட்டில் உட்கார்ந்து செய்ததும் வேலைதான். அதை முதலில் சொல்லுங்கள்.

நம்மூரில் இன்னும் எத்தனை பேர் இப்படிச் சும்மா இருக்கிறீர்கள்? கீழே எழுதுங்கள், இன்னும் இரண்டு இடம் காலி.