பூட்டிய வீட்டுக்குள் ஊட்டி

போன வருடம் மே மாதம், திருப்பதியில் எங்கள் வீட்டிலேயே நடந்தது இது. இந்த ஊரில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், லீவு விட்டால் வீடு சத்திரமாகிவிடும். சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் உறவுகள் மலைக்கு வருவார்கள். டிபன், வெந்நீர், மொட்டைத் தலைகளுக்குச் சந்தனம் என்று என் லீவு முழுக்க அடுப்படியிலேயே போய்விடும்.

அந்த முறை நான்கு நாளாவது எனக்கு ஓய்வு வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். வெளியூர் போனாலும் அலைச்சல்தான். எனவே ஊட்டிக்குப் போவதாகக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோம். முன்கதவை வெளியில் பூட்டிவிட்டு, என் கணவர் பின்வாசல் வழியாக உள்ளே வந்தார். ஜன்னல்களைச் சாத்தி, டிவி சத்தத்தைக் குறைத்து, பாயை விரித்துப் படுத்துக் கிடந்தோம். தோன்றினால் சமையல், இல்லாவிட்டால் தயிர்சாதமும் மாம்பழமும். சொர்க்கமாக இருந்தது.

இரண்டாம் நாள் காலை வாசலில் சத்தம். ஜன்னல் இடுக்கில் பார்த்தால் கார்வேட்டிநகரத்திலிருக்கும் என் நாத்தனார், கணவரின் அக்கா. போச்சுடா என்று எனக்கு எரிச்சல். மூச்சுக் காட்டாமல் நின்றோம். ஆனால் அவர் கதவைத் தட்டவே இல்லை. வாளியில் தண்ணீர் பிடித்து, முன்பக்கம் தலைகாட்ட முடியாமல் நாங்கள் காயவிட்டிருந்த மல்லிகைத் தொட்டிகளுக்கு ஊற்றினார். நாங்கள் ஊரில் இல்லையே என்று அதற்காகவே பஸ் ஏறி வந்திருக்கிறார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசிலடித்தது.

பின்வாசல் வழியாகப் போய், தலைகுனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தால், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இன்னா ஆக்கிகினு இருக்கே?"

"பருப்பு சோறுதான் அண்ணி."

"எனக்கும் சேத்து வை. தெருவுல யாரும் பாக்கறதுக்குள்ள உள்ள நட."

பாயில் காலை நீட்டி உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டார். "செடியெல்லாம் ரொம்ப காஞ்சி கெடக்குது. ரெண்டு நாள் இருந்து தண்ணி ஊத்திட்டுத்தான் வருவேன். மாட்ட நீங்களே பாத்துக்குங்க."

அந்த இரண்டு நாளும் சத்தம் வெளியே கேட்காமலிருக்கத் தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு சிரித்தோம். கல்யாணமான நாளிலிருந்து இப்படிச் சும்மா படுத்ததே இல்லை என்று கிளம்பும்போது அவர் சொன்னார்.

ஓய்வு எனக்குத்தான் கிடைக்கவில்லை என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மே மாதமும் நாங்கள் 'ஊட்டி'க்குப் போனோம். செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை என்று, அவர் வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி, நானே போனில் சத்தமாகச் சொன்னேன். அவர் இல்லாமல் எனக்கு இனி லீவு லீவாகவே இருக்காது.