அத்தை காதில் விழுந்த சத்தம்

பத்து வயதில் என் கையிலும் ஒரு வாட்ச் இருந்தது. பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் அடம்பிடித்து வாங்கியது. ரப்பர் பட்டை, மூன்றே முக்காலை விட்டு நகராத முள். மணி கேட்டவர்களுக்கெல்லாம் மூன்றே முக்கால் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் யாரும் அதைத் தப்பென்று சொன்னதில்லை. பாதிப்பேர் பயர் ஆபீஸுக்கு, அதாவது பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். வாட்ச், கொலுசு, சேப்டி பின் என்று எதையும் போட்டுக்கொண்டு அங்கே உள்ளே போகமுடியாது. வேன் வந்தால் காலை, வேன் திரும்பினால் சாயங்காலம். அவ்வளவுதான் எங்கள் கடிகாரம்.

அந்த வேனில் ஆள் சேர்த்து அனுப்புகிறவர் என் பெரியப்பா. வீட்டில் கல்யாணம் காதுகுத்து முதல் புது வாளி வாங்குவது வரை அவர் சொன்னால்தான் நடக்கும். அப்பா அவருக்குத் தம்பி, அதே பயர் ஆபீஸில் வேலை, வாயைத் திறந்தால் காசு போய்விடும் என்பதுபோல் இருப்பார். இருவருக்கும் இளையவள்தான் அத்தை. எனக்கு அவள் என்றால் உயிர். ராத்திரி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவேன்.

அத்தையும் நாலு வருஷம் பயர் ஆபீஸில் இருந்தவள். பூச்சட்டி என்கிற புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்துகிற ரூம். ஒருநாள் பக்கத்து ரூம் வெடித்துவிட்டது. இவள் உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் மறுநாள் வேன் வந்து நின்றபோது ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பிறகு சிவகாசியிலேயே ஒரு பிரஸ்ஸில் சேர்ந்தாள். அச்சடித்து வருகிற தாளை லென்ஸ் வைத்துப் பார்த்து, புள்ளி விழுந்திருந்தால் ஒதுக்கவேண்டும். பெரியப்பா ஒரு வருஷம் பொறுத்தார். அடுத்த தீபாவளி சீசனுக்கு ஆள் போதவில்லை. சொந்தத் தங்கச்சியைப் பிரஸ்ஸுக்கு அனுப்பிக்கொண்டு ஊராரை வேனில் ஏறச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும். ஆனி மாதம் முதல் அத்தை பழைய ரூமுக்கே வருவாள் என்று கம்பெனியில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்கு அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், ஒரு வாய் உள்ளே போகவில்லை.

இது சித்திரை மாதத்தில். எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. மத்தியானம் அத்தைக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுபோவது என் வேலை. அப்படிப் போன ஒருநாள், பிரஸ் வாசலில் மெட்ராஸ் நம்பர் போட்ட கார் நின்றது. உள்ளே மிஷினை நிறுத்தியிருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் மேஜைமுன் நின்றார். பக்கத்தில் தொப்பி போட்ட காவல்காரர். அத்தனை பேர் பார்வையும் மேஜைமேல் இருந்த தோல் பெட்டியில் இருந்தது.

பெட்டிக்குள் மூன்று வாட்ச். சென்னையில் வெளிநாட்டு வாட்ச் விற்கிற கடையாம். அதற்குப் படப்புத்தகம் அச்சாகிறது. படத்தில் நீலம் சரியாக விழவில்லை, அதனால் நிஜ வாட்சையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒவ்வொன்றின் விலைக்கும் எங்கள் தெருவில் ரெண்டு வீடு வாங்கலாம் என்று மேனேஜர் என்னிடம் கிசுகிசுத்தார். நான் என் மூன்றே முக்காலைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

"நீ பாரும்மா, ஒங்கண்ணுதான் சரியாச் சொல்லும்" என்று மேனேஜர் அத்தையைக் கூப்பிட்டார். அத்தை வந்தாள். கண்ணாடி வளையலைக் கழற்றி ஓரமாக வைத்தாள். உள்ளங்கை இரண்டையும் தரையில் பதித்து எழுந்தாள். பைண்டிங் ஆட்கள் சிரித்தார்கள், வாட்சுக்குக் கும்பிடு போடுகிறாள் என்று. உடம்பில் இருக்கிற மின்சாரம் தரையில் இறங்கட்டும் என்று, மருந்தைத் தொடும்முன் பயர் ஆபீஸில் செய்கிற பழக்கம் அது, அவளுக்கே தெரியாமல் கை செய்துவிட்டது. பிறகு ஒரு வாட்சைத் தாளின் பக்கம் கொண்டுபோகத் தூக்கினாள்.

தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. வாட்சை இழுக்காமல், தட்டாமல், மேஜைமேல் படுக்கவைத்தாள். இடது கையால் என்னைப் பிடித்துத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள்.

"யாரும் தொடாதீக. உள்ள மருந்து உருளுது" என்றாள்.

பிரஸ்ஸே சிரித்தது. மேனேஜருக்கு மானம் போய்விட்டது. "ஏம்மா, இது என்ன புஸ்வாணமா?" என்று அதட்டினார். அத்தைக்கு அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. கண் நிறைந்துவிட்டது. பூச்சட்டியில் மருந்து இறுகாமல் இருந்தால் ஆட்டும்போது உள்ளே அசைகிற சத்தம் வரும், அதை ஒதுக்காவிட்டால் வெடித்துக் கையைப் பதம் பார்த்துவிடும். நாலு வருஷம் அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்தவள். என்ன செய்வாள், பாவம்.

சிரிக்காதவர் அந்த அம்மாள் மட்டும்தான். "பயப்படாதேம்மா. உள்ள ஒரு பாதிச் சக்கரம் இருக்கு. கை அசையும்போது அதுவும் சுத்தி வாட்சுக்குச் சாவி கொடுக்கும். அந்தச் சத்தம்தான் கேட்டிருக்கும்" என்றார்.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெட்கப்பட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. மற்ற இரண்டு வாட்சையும் ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து மெல்லச் சாய்த்தாள். பிறகு முதல் வாட்ச்.

"மேடம், கோவிச்சுக்கிடாதீக. மத்ததுல சுத்துற சத்தம் மட்டுந்தான் வருது. இதுல சுத்திட்டு ஒண்ணு தட்டுது."

அந்த அம்மாள் வாங்கிக் காதில் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை போலிருக்கிறது. மிஷின் ரூம் ஃபேனை நிறுத்தச் சொன்னார். மறுபடி வைத்தார். அத்தை தன் லென்ஸை நீட்டினாள். வாட்சின் முதுகும் கண்ணாடிதான். அந்த அம்மாள் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். நிமிரும்போது அவர் நெற்றியில் வேர்வை. சக்கரத்தைப் பிடித்திருந்த திருகாணி ஒன்று கழன்று கிடந்ததாம். அந்த வாட்ச் மறுவாரம் ஒருவருக்குக் கல்யாணப் பரிசாகப் போக இருந்ததாம்.

"நீயும் பாக்கியா புள்ள?" என்று அத்தை என்னை இழுத்தாள்.

நான் லென்ஸில் கண்ணை வைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கும். கடுகைவிடச் சின்னச் சக்கரங்கள், ஒன்றின் பல்லில் ஒன்று. சிவப்புக் கல் பதித்த குழிகள். நடுவில் மயிரைவிட மெலிந்த ஒரு சுருள் விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது, தூங்குகிற பூனைக்குட்டியின் வயிறு மாதிரி. அதை யாரும் தொடவில்லை, மின்சாரம் இல்லை. மனிதக் கை இதைச் செய்திருக்கிறது என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. எங்கள் ஊரில் கைகள் செய்கிற எல்லாமே எரிந்து தீர்ந்துபோகிற சாமான்தான். இது நூறு வருஷம் ஓடும் என்றார் அந்த அம்மாள். நான் மூச்சு விட்டால் சுருள் நின்றுவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

"எங்கேம்மா வேலை கத்துக்கிட்டே?" என்று அவர் அத்தையைக் கேட்டார்.

"பயர் ஆபீஸ்ல, மேடம்."

அவருடைய கடையில் வாட்ச் ரிப்பேர் பார்க்கிற ரூம் ஒன்று புதிதாகத் திறக்கிறார்களாம். பழக்குவதற்கு ஆள் தேடுகிறார்களாம். கை நடுங்கக்கூடாது, காது கேட்கவேண்டும், மற்றதை நாங்கள் சொல்லிக்கொடுப்போம், ஒரு மாதத்துக்குள் வருகிறாயா என்றார். சொன்னது அவ்வளவுதான். எங்கே தங்குவது என்று அவர் சொல்லவும் இல்லை, அத்தை கேட்கவும் இல்லை. நான் பக்கத்திலேயே நின்றேன், எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு தின்று முடித்த கையோடு, அத்தை சொல்லியிருந்த மெட்ராஸ் வேலைப் பேச்சைப் பெரியப்பா எடுத்தார். அத்தை சுவரோரமாக நின்றாள்.

"போறது சரி. மெட்ராஸ்ல நமக்கு யாரு இருக்கா? வயசுப்பிள்ள எங்கன தங்குவா?"

"லேடீஸ் ஹாஸ்டல்ல அந்தம்மாவே சேத்துவிடுதாகளாம், பெரியண்ணே" என்றாள் அத்தை. குரல் கொஞ்சம்கூடப் பிசிறவில்லை. நான்தான் திடுக்கிட்டேன்.

"நெசமாவா? வேலைக்கு ஆள் கெடைக்க ஆயிரம் சொல்லுவாக. நான் சொல்லாததா?" என்றார் பெரியப்பா. அவருக்குத் தெரியாதா, ஆள் பிடிக்கிற வித்தை.

அப்பா பல் குத்திக்கொண்டிருந்தார். அவர் எந்தப் பக்கம் என்று யாருக்கும் புரியவில்லை. குச்சியை எடுக்காமலே, "இந்தப் புள்ளயும் அங்கனதான இருந்துச்சு. இதுகிட்டயே கேட்ருவோம்ணே" என்றார். என் பக்கம் திரும்பினார். "ஏ புள்ள, தங்குறதுக்கு எடம் தாரேன்னு அந்தம்மா சொன்னாகளா, இல்லையா? பாத்துச் சொல்லு."

வீடே என் வாயைப் பார்த்தது. உண்மையைச் சொன்னால் அத்தை போகமாட்டாள். எனக்கு வேண்டியதும் அதுதான். ராத்திரி முந்தானை என் கையில் இருக்கும், பொய் சொன்னாள் என்று சாமி கண்ணைக் குத்தவும் குத்தாது. எல்லா வகையிலும் எனக்கு லாபம். அத்தை என்னைப் பார்க்கவில்லை. சைகை காட்டவில்லை, கெஞ்சவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தச் சுருள் விரிந்து சுருங்கியது ஞாபகம் வந்தது. அதன் பக்கத்தில் உட்காரவேண்டிய கை இது என்று எப்படியோ எனக்குத் தோன்றிவிட்டது.

"சொன்னாக" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ரூம்ல ஃபேன்கூட இருக்குன்னு சொன்னாக."

அத்தைக்குப் புரையேறிவிட்டது.

"ஃபேன் இருக்காமா" என்று பெரியப்பா பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தார். ஹாஸ்டலைவிட அந்த ஃபேன்தான் அவரை அசைத்துவிட்டது. பச்சைப்பிள்ளை இதையெல்லாம் கட்டிச் சொல்லுமா என்றார். கம்பெனிக்கு வேற ஆள் பார்த்துக்கொள்ளலாம், போய்ட்டு வரட்டும் என்றார்.

அத்தையை ரயிலில் கொண்டுபோய் விட்டது அப்பா. நாலு நாள் கழித்துத்தான் திரும்பினார். போன இடத்தில் காலண்டர் கடை வைத்திருந்த சிநேகிதர் வீட்டு மாடியில் அவளுக்கு ஓர் அறை பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார் என்பதெல்லாம் எனக்கு வெகுநாள் கழித்துத் தெரிந்தது. நாங்கள் பொய் சொல்லி மாட்டிவிட்டதால்தான் அவர் அலையவேண்டி வந்தது என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

இப்போது அத்தையின் கீழ் ஏழு பேர் வேலை பார்க்கிறார்கள். கடல் தாண்டிப் போய்ப் படித்துவிட்டு வந்தவள். போன வருஷம் அவள் வீட்டு விசேஷத்தில் அந்தக் கண்ணாடி போட்ட அம்மாளைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் அந்த ஃபேன் கதையைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "ஆனா அதுக்கு முந்தின நாளே உங்கப்பா எனக்கு போன் பண்ணிட்டாரேம்மா" என்றார்.

சனிக்கிழமை அப்பா பிரஸ் மேனேஜரிடம் நம்பர் வாங்கி எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசியிருக்கிறார். தங்க இடம் கொடுப்பீர்களா என்று கேட்டிருக்கிறார். இல்லை, அதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். அப்பா இன்னொன்று கேட்டாராம். "அந்த வேலையில தீயி, மருந்து எதுவும் உண்டுமா மேடம்?" இல்லை என்றாராம் இவர். "அப்பச் சரி மேடம். அனுப்பி வைக்கேன்" என்று வைத்துவிட்டாராம்.

மறுநாள்தான் அவர் பல் குத்திக்கொண்டே என்னைக் கேட்டது. நானோ, அப்பாவை ஏமாற்றிவிட்டேனே என்று பத்து நாள் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் சோறு தின்றேன்.