கூடத்துக்குள் எழும்பிய தூண்கள்

கல்பாத்தியில் எங்கள் தெரு வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். இரண்டு வீட்டுக்கும் இடையே ஒரே சுவர்தான். இரு பக்கத்து உத்தரங்களும் அதன் மேலேயே உட்காரும். அதில் உளி வைக்குமுன் அடுத்த வீட்டில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கும் எழுதி வைக்காவிட்டாலும் யாரும் அதை மீறியதில்லை.

எழுபதுகளின் நடுவில், எங்கள் வீட்டை ஒட்டியிருந்த பழைய வீட்டைப் புதுப்பிக்கத் தெருவே கூடிக் கமிட்டி போட்டது. தேர்த் திருவிழா நாட்களில் கச்சேரி நடந்த வீடு, ஆளில்லாமல் பாழாகிக் கிடந்தது. நானும் வீடு வீடாகப் போய் ஆதரவு திரட்டினேன். கமிட்டிக் காரியதரிசிக்கு அடுத்த தேர் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். எங்களிடம் சொல்லாமலே ஆசாரிகளை விட்டு உளுத்த உத்தரத்தை இழுக்கச் செய்தார். எங்கள் பக்கம் சுவர் சரிந்தது. அதனடியில் என் பெண் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

பிழைத்தாள். வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. இன்றும் எங்காவது சுத்தியல் சத்தம் கேட்டால், அவள் எங்கே என்று வீடு முழுக்கத் தேடுகிறேன்.

சுவரைத் திரும்பக் கட்டியானதும் காரியதரிசி வந்தார். புது உத்தரத்தை அதில் ஏற்ற எங்கள் சம்மதம் வேண்டுமாம்.

“நடந்தது நடந்துபோச்சு, மாமி. இது பொதுக் காரியமாக்கும்.”

“நன்னா ஏத்துங்கோ. உங்காத்துப் பொண்ணும் இவ கிளாஸ்தானே? துளை போடற அன்னிக்கு அவ இங்க வந்து, இதே சுவரோரமா உக்காந்து படிக்கட்டும்.”

“என்ன பேச்சு இது, மாமி?”

“பயமா இருக்கோ? எங்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பயப்பட எனக்கும் நேரம் கிடைச்சிருக்கும்.”

“சரின்னு சொல்லிடேன், போறும்” என்றார் உள்ளேயிருந்து என் கணவர். நான் சொல்லவில்லை.

அந்த மழைக்காலம் முழுக்க அந்த வீடு கூரையில்லாமல் நனைந்தது. மேலே போட்டிருந்த ஓலை மறைப்புக்குள் தண்ணீர் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டே நிம்மதியாகச் சாப்பிட்டேன். சுவரை ஒட்டித் தூணுக்கு அஸ்திவாரம் தோண்டவும் நான் விடவில்லை. கடைசியில் கூடத்துக்குள் நன்றாகத் தள்ளிச் செங்கல் தூண்கள் எழுப்பி, உத்தரத்தை அவற்றின் மேல் வைத்தார்கள். இப்போது பாடுகிறவரின் முகம் பாதிப் பேருக்குத் தெரியாது.

அடுத்த வருஷத் தேருக்கு வந்த வெளியூர்க்காரர்களிடம் காரியதரிசி சொல்லிக்கொண்டிருந்தார்: “எல்லாம் பழைய காலத்துத் தூணாக்கும். அப்படியே வெச்சிருக்கோம்.”

நான் வாசலுக்கு வந்தேன்.

“போன வருஷத்துத் தூண் அது. எதுக்கு வந்ததுன்னு அவரையே கேளுங்கோ.”

கேட்டார்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை நான் உள்ளே போகவில்லை.