சுவருக்கு மேலே நீண்ட கரண்டி

லீலாவதி சமைக்கும்போது ருசி பார்க்க மாட்டாள். படையலுக்கு வைப்பதை வாயில் வைத்தால் எச்சில் என்பது தோட்டத்து லயத்தில் இருந்த காலத்திலேயே அவளுக்கு ஊட்டப்பட்ட சட்டம். அதைச் சாம்பாருக்கு நீட்டினாள், கோழிக் குழம்புக்கு நீட்டினாள், கடைசியில் பாக்கெட் மீ நூடுல்ஸுக்கும் நீட்டிவிட்டாள். எந்தச் சாமியும் பாக்கெட் மீ கேட்டதாகத் தகவல் இல்லை.

அப்படியானால் உப்பு? அதற்குத்தான் பின்பக்கச் சுவருக்கு அந்தப் புறம் சீனத்து சியூ ஆன்ட்டி இருந்தாள். சுங்கை புரோங் வயலோரம் குடிவந்த நாள் முதல் இதுதான் ஏற்பாடு. லீலாவதி சுவருக்கு மேலே கரண்டியை நீட்டுவாள். அந்தப் பக்கம் உறிஞ்சும் சத்தம் கேட்கும். பிறகு சுவரில் தட்டு. ஒரு தட்டு என்றால் உப்புப் பத்தாது, இரண்டு என்றால் சரி.

"தாவார் லா, லீலா," என்பாள் மலாயில். "சப்புன்னு இருக்கு. உன் சாமிக்கு நாக்கே இல்லையா?"

அந்த நாக்கு சீனப் பெருநாளுக்கு முன்பே அடங்கிவிட்டது. ஆவிகள் பசியோடு அலையும் சீன ஏழாம் மாதம் பிறந்ததும் ஆன்ட்டியின் மகன்கள் வந்தார்கள். காகித பங்களா, காகிதக் கார், காகிதக் கைப்பேசி எல்லாவற்றையும் எரித்து, செத்த அம்மாவுக்கு அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் பெரிய பூட்டாகப் போட்டுப் போனார்கள். பங்களாவில் நீச்சல்குளம்கூட இருந்தது. அடுப்படிதான் இல்லை. சுவருக்கு மேல் எட்டிப் பார்த்த லீலாவதிக்கு அது அப்போதே உறுத்தியது.

அந்த மாதத்தில்தான் அவள் கணவர் சுகுமாரன் டிங்கிக் காய்ச்சலில் படுத்து எழுந்தார். எழுந்தார் என்பது மரியாதைக்கு. லோரி ஓட்டி ஊர் ஊராகத் தின்று தீர்த்த மனிதர், இப்போது கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாளைக்குள் ஏதாவது உள்ளே இறங்காவிட்டால் மூக்கில் குழாய் என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

"எதையாச்சும் குடுங்கம்மா," என்றாள் மகள் தனுஜா, ரவாங்கிலிருந்து போனில். "டியூப் போட்டா அப்பா தாங்க மாட்டாரு லா."

"வாயத் தொறந்தாத்தானே குடுக்கறதுக்கு?"

படுக்கையிலிருந்து முனகல் வந்தது. "சியூவோட சூப்பு."

மழை தூறி இருட்டிய மதியம் அது. லீலாவதி முற்றிய இஞ்சியைத் தட்டி, சீனக் கடையின் வறுத்த எள்ளெண்ணெயில் வதக்கினாள். தலைக்கு வைக்கும் நல்லெண்ணெயை ஊற்றினால் கோழியே எழுந்து குளிக்கப் போய்விடும் என்று ஆன்ட்டி இந்தச் சூப்பைச் சொல்லிக்கொடுத்தபோதே எச்சரித்திருந்தாள். கம்பத்து நாட்டுக்கோழித் துண்டுகள், ஊறிய காளான், வெள்ளை மிளகு, தண்ணீர். கொதித்து அடங்கியதும் நூல்போன்ற மீ சுவாவைத் தனியே வேகவைத்து எடுத்தாள்.

பிறகு பழக்கதோஷம். கரண்டியில் சூப்பை மொண்டு, பின்கதவைத் திறந்து, சுவருக்கு மேலே நீட்டிவிட்டாள். நீட்டிய பிறகுதான் ஆள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

கரண்டியின் கனம் குறைந்தது.

இழுத்துப் பார்த்தாள். காலி. மழைநீர்கூட இல்லை, துடைத்ததுபோல் இருந்தது. பூட்டிய வீட்டுப் பக்கமிருந்து சுவரில் ஒரு தட்டு.

ஓடியிருக்கலாம். ஆனால் உள்ளே மனிதர் பட்டினி கிடக்கிறார். லீலாவதி உப்பு ஜாடியைத் திறந்து இன்னும் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி, மறுபடி நீட்டினாள். உறிஞ்சும் சத்தம். இரண்டு தட்டு.

கிண்ணத்தைச் சுகுமாரனிடம் கொண்டுபோனாள். அவர் தானாகவே எழுந்து உட்கார்ந்து, இரு கையாலும் வாங்கி, மீயை நிறுத்தாமல் உள்ளே இழுத்தார். அந்த உறிஞ்சலை அவள் இத்தனை வருடம் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறாள். கடைசிச் சொட்டுவரை குடித்தவர், கட்டில் சட்டத்தில் விரலால் தட்டினார். இரண்டு தட்டு. லோரியே கதியென்று கிடந்தவருக்கு அந்தக் கணக்கு தெரியவே தெரியாது.

"என்னங்க," என்றாள் மெதுவாக. "நீங்கதானே?"

காலிக் கிண்ணம்தான் நீண்டது. லீலாவதி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். யார் குடித்தால் என்ன, இறங்குவது இவர் வயிற்றில்தானே.

"இன்னுங் கொஞ்சம் ஊத்தவா?" என்று தமிழில் கேட்டாள். அவர் புரியாமல் விழித்தார்.

மலாயில் கேட்டாள். தலையாட்டினார்.