குமரன் ஃபோல்டரில் குடியிருந்த மீன்கள்

ஒரு மென்பொருளை நிறுவுவது என்றால், அது கேட்கிற இன்னொரு மென்பொருளைத் தேடி அலைவது என்று பொருள். ஆய்வுக்கூடங்களில் கணினி பார்த்துக்கொண்டவர்கள் இதற்குள் தலையாட்டியிருப்பீர்கள். 2008இல் சிதம்பரம் பக்கம் கடல் உயிரியல் கூடம் ஒன்றில் அந்த வேலை என்னுடையது.

பாஸ்வேர்டு இல்லாத பொறுப்பாளர்

எங்கள் சர்வரின் தலைமைப் பாஸ்வேர்டு என்னிடம் கிடையாது. அது தலைமை அலுவலகத்தில் இருந்தது; விண்ணப்பித்தால் ஒரு மாதம் ஆகும். ஆனால் ஒவ்வொருவர் கணக்கிலும் அவருக்கென்று ஒரு ஃபோல்டர் உண்டு. அதற்குள் எதையும் நிறுவலாம், யாரையும் கேட்க வேண்டாம். இது தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

முதலில் வந்தவர் வள்ளி, கடலூர் மீனவக் குடும்பத்து ஆய்வு மாணவி. மடவை மீன்களின் மரபணுக்களை ஒப்பிட்டு, எதற்கு எது உறவு என்று மரம் வரையும் மென்பொருள் அவருக்கு வேண்டும். அது ஒரு லைப்ரரியை, அதாவது துணை நிரல்களின் தொகுப்பைக் கேட்டது. லைப்ரரியோ நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலரை, அதுவும் புதியதாகக் கேட்டது. வள்ளி அசரவில்லை.

“படகுக்கு டீசல் வேணும், டீசலுக்கு கார்டு வேணும், கார்டுக்குக் கையெழுத்து வேணும், கையெழுத்துக்கு மஞ்சக்குப்பம் ஆபீசுக்குப் போவணும். எங்க அப்பா தெனம் பண்றதுதான சார் இது?”

குமரன் கொடுத்த இடம்

இரண்டும் என் நண்பன் குமரனிடம் இருந்தன. அவனும் அங்கே ஆய்வு மாணவன். தன் ஃபோல்டரில் எப்போதோ நிறுவி வைத்திருந்தான். “தேவையானதை அங்கே போய் எடுத்துக்கொள்” என்று வள்ளியின் மென்பொருளுக்கு ஒரே வரியில் சொல்லிக்கொடுத்தேன். பத்து நிமிடத்தில் முதல் மரம் திரையில் கிளை விட்டது. அறையே எழுந்து வந்து பார்த்தது. “நீ ஊரை விட்டுப் போய்விட்டால்?” என்று குமரனைக் கேட்டேன்.

“நான் எங்க மச்சான் போவப் போறேன்?”

துப்புரவு

மூன்றாம் மாதம் அவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. நான் ஒழுங்கானவன். போனவர்களின் கணக்குகளை அழிக்கும்படி தலைமை அலுவலகத்துக்குப் பட்டியல் அனுப்பினேன். ஒரு திங்கட்கிழமை காலை அழித்துவிட்டார்கள். பத்து மணிக்கு வள்ளியின் திரையில், ‘லைப்ரரி இல்லை’.

வெள்ளிக்கிழமை அவர் முடிவுகளைக் குழு முன் வைக்க வேண்டும். அது முடிந்தால்தான் திட்டக்குடிப் பக்கக் கல்லூரி வேலையில் சேர முடியும். கடலூர்த் துறைமுகத்து மீன்களோ இன்னும் மரத்தில் ஏறவில்லை. குமரனுக்குப் போன் செய்து, “யாரோ உன் ஃபோல்டரை அழித்துவிட்டார்கள்” என்றேன்.

“நீதானடா எழுதிக் குடுத்திருப்ப?”

அடியிலிருந்து

இந்த முறை எல்லாமே வள்ளியின் சொந்த ஃபோல்டரில். எதற்குப் பின் எது என்று அவர் நோட்டில் வரிசையாக எழுதினார். கம்பைலர் உருவாக ஒரு முழுநாள். லைப்ரரியின் ஆகப் புதிய வெர்ஷனைப் போட்டேன்; மென்பொருள் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்குப் பழையதுதான் பிடிக்குமாம். கழற்றி, மறுபடி மாட்டி, வியாழன் மாலை நாலு மணிக்கு ஓட விட்டோம். நான் உட்காரவில்லை. துறைமுகத்து மீன்களில் ஒரே இனம் என்று நாங்கள் நினைத்தவை, தனித்தனியாக இரண்டு கிளைகளில் போய் நின்றன. வள்ளி திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

“எங்க அப்பா வலையில பாத்தே ரெண்டும் வேறன்னுவாரு. உங்க சர்வருக்கு நாலு நாள் ஜாஸ்தி சார்.”

விடைபெற்றபோது

வெள்ளிக்கிழமை நல்லபடியாக முடிந்தது. மறுமாதம் திட்டக்குடி கிளம்பும்போது நோட்டை என் மேசையில் வைத்தார்.

“என் கணக்க அழிக்கச் சொல்லி எழுதறதுக்கு முன்னாடி, யாரெல்லாம் என் ஃபோல்டர்ல குடியிருக்காங்கன்னு பாத்துட்டு எழுதுங்க சார்.”

பார்த்தேன், அங்கிருந்து லைப்ரரி எடுத்துக் குடியிருந்தவர் ஒரே ஒருவர்தான், அதுவும் நான்.