சுரங்கத்துக் கல்லில் பெரியப்பா பேர்

பெங்களூரில் இருக்கும் மகள் ஜெயசுதா வீட்டுக்குப் போன நாளிலிருந்து சேதுலட்சுமி ஒரே நச்சரிப்பு. மூடிப்போன தங்கச் சுரங்கத்து ஊரில் மியூசியம் திறந்து, செத்தவர்கள் பேரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்களாம். அங்கே செத்துப்போன, தன்னைப் பெற்ற அய்யா கூத்தையா பேரை ஒருதரம் தடவிப் பார்க்க வேண்டும். உத்தரகோசமங்கையில் மிளகாய்ப் பழம் எடுத்தே தேய்ந்த விரல், வேறென்ன கேட்டுவிட்டது?

சுரங்க வேலை முதலில் கிடைத்தது பெரியப்பா வழிவிட்டானுக்கு. மனிதர் ஒரே நாள் உள்ளே இறங்கினார், வெலவெலத்து ஊருக்கு ஓடிவந்துவிட்டார். வந்த வேலையை விடுவானேன் என்று நம்பர் போட்ட பித்தளை அடையாள வில்லையைத் தம்பி கூத்தையாவிடம் கொடுத்து அனுப்பினார்கள். அண்ணன் பேரில் தம்பி போனால் என்ன, ஒரே வீடுதானே! பாறை சரிந்த அன்று, வழிவிட்டான் இறந்ததாகத் தந்தி வந்தது. பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா மண்வெட்டியோடு வந்து நின்றார். பெரியம்மா அழுகையை நிறுத்த, சேதுலட்சுமியின் அம்மா தொடங்கினாள். ஆள்மாறாட்டம் தெரிந்தால் ஜெயில் என்று வீடே வாயைக் கட்டிக்கொண்டது.

மியூசியம் கட்டுகிறவர்கள் விசாரித்துத்தானே எழுதியிருப்பார்கள் என்று நம்பிப் போனாள். விளக்கு, இரும்புத் தொப்பி எதையும் பார்க்கவில்லை, நேரே கல்லுக்குப் போனாள். ஜெயசுதா இரண்டு தரம் வாசித்தாள்.

"தாத்தா பேரு இல்லம்மா. வழிவிட்டான்னுதான் இருக்கு."

"அது எங்கய்யாதான். மாத்தி எழுதுங்கய்யா" என்றாள் அங்கிருந்த பொறுப்பாளரிடம்.

"ஆதாரம் இருக்காம்மா?"

"இருக்காரே! செத்ததாப் போட்ருக்கீகளே, அந்த வழிவிட்டான் ஊர்ல மூணு வேளையும் சாப்பிடுறாரு."

"அப்ப அவரையே வந்து சொல்லச் சொல்லுங்க."

ஊருக்கு வந்தவள் பையைக்கூட இறக்காமல் பெரியப்பா வீட்டுக்குப் போனாள். "ஒரு எட்டு வந்து சொல்லுங்க பெரியப்பா. எங்கய்யா பேரை எழுதிருவாக."

கிழவர் யோசித்தார். "கல்லுலயா வெட்டிருக்கான், பெயிண்டா?"

"கல்லுல."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப அழியாது. இருந்துட்டுப் போகட்டும் தாயி. எம் பேரும் ஒரு எடத்துல இருக்கட்டுமே."

சேதுலட்சுமி பையைத் தொப்பென்று கீழே போட்டாள். "உங்க சாவை எங்கய்யா செத்தாரு. இப்ப அந்தச் சாவையும் நீங்களே எடுத்துக்கிட்டீக."

கிழவருக்குக் காதில் விழவில்லை போலும். தந்தி வந்த அன்றைக்குப் பெரியம்மா அழுத அழுகையைப் பக்கத்திலிருந்த தன் பேத்தியிடம் பெருமையாகச் சொல்லத் தொடங்கினார்.